தூசியில் இருந்த விஷம்: ஈயத்தைத் துரத்திய டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் யார்?

1925 மே, வாஷிங்டன். பெட்ரோலில் ஈயம் கலக்கலாமா என்று விவாதிக்க அமெரிக்க அரசு ஒரு மாநாட்டைக் கூட்டியது. முந்தைய ஆண்டுதான் நியூ ஜெர்சியில் அந்த ஈயக் கலவையைத் தயாரித்த ஆலையில் 5 தொழிலாளர்கள் இறந்திருந்தார்கள். ஆனாலும் எண்ணெய், கார் கம்பெனிகள் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் 56 வயது டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன். எவ்வளவு கண்காணித்தாலும் சரி, ஈயம் இருக்கும் இடத்தில் யாராவது பாதிக்கப்பட்டே தீருவார்கள் என்பது அவர் வாதம்.

(ஈயம்னதும் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு ஞாபகம் வரலாம். அது வெள்ளீயம், இங்கே பேசுவது காரீயம்.)

யார் இவர்?

1869-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1893-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1897-ல் சிகாகோ போய், ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தில் தங்கினார். சுற்றிலும் பிழைப்புக்காக வந்து குடியேறிய தொழிலாளர்களின் வீடுகள். அங்கேதான் வேலையே நோயாக மாறுவதை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

ஈயம் விஷம் என்பது அப்போதே பழைய சேதி. ரோமானியர் காலத்திலேயே ஈயக் குழாயைவிட மண் குழாய்த் தண்ணீர் நல்லது என்று விட்ரூவியஸ் எழுதிவிட்டார். ஆனா அமெரிக்க முதலாளிகளோ, கை கழுவாததால்தான் தொழிலாளிக்கு நோய் வருது என்று பழியை அவர்கள் மேலேயே போட்டார்கள்.

வீடு வீடாக ஒரு விசாரணை

1910-ல் இல்லினாய் மாநிலம் தொழில் நோய்களை ஆராயும் பொறுப்பை ஹாமில்டனிடம் கொடுத்தது. அவர் ஆலையை மட்டும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவேடு, மருந்துக் கடை, தொழிலாளர் வீடு என்று அலைந்தார்.

குளியல் தொட்டிக்கு எனாமல் பூசும் ஆலையில் வேலை பார்த்த ஒருவருக்கு ஈய நஞ்சு ஏறியிருந்தது. ஆலைக்குப் போனால் அங்கே ஆபத்தான வேலை எதுவுமே கண்ணில் படவில்லை. தொழிலாளி வீட்டுக்குப் போய் விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது: அவருக்குக் காட்டியது கடைசிக்கட்ட மெருகு வேலை மட்டும். நிஜ வேலை வேறு இடத்தில் நடந்தது. அங்கே பழுக்கக் காய்ந்த தொட்டி மேல் ஈயம் கலந்த எனாமல் பொடியைத் தூவுவார்கள். அந்தத் தூசி நேராக நுரையீரலுக்குப் போனது.

ஆக, குற்றவாளி அழுக்குக் கை அல்ல. சுவாசிக்கிற தூசியும் புகையும்தான். இந்த ஆய்வில் 70-க்கும் மேற்பட்ட தொழில் முறைகளில் ஈய ஆபத்து இருப்பது தெரிந்தது. 1911-ல் இல்லினாயில் தொழில் நோய்ச் சட்டம் வந்தது.

ஹார்வர்டின் மூன்று நிபந்தனைகள்

1919-ல் ஹார்வர்டின் முதல் பெண் ஆசிரியர் ஆனார். ஆனா ஆசிரியர் கிளப்புக்குள் வரக்கூடாது, ஃபுட்பால் டிக்கெட் கேட்கக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது. 1935-ல் ஓய்வுபெறும் வரை பதவி உயர்வும் கிடையாது.

தோற்ற வாதம், ஜெயித்த உண்மை

1925-ல் அவர் பேச்சு எடுபடவில்லை. 1926-ல் அரசுக் குழு, தடை செய்யப் போதிய காரணமில்லை என்றது. ஈயப் பெட்ரோல் உலகம் முழுக்கப் பரவியது. வீட்டுப் பெயின்டிலும் அதே கதை: வீட்டுக்குள் வெள்ளை ஈயப் பெயின்டைக் கட்டுப்படுத்த 1921-லேயே ஜெனிவாவில் சர்வதேச ஒப்பந்தம் வந்தது. அமெரிக்காவில் தடை வந்தது 1978-ல். நடுவில் உதிர்ந்த பெயின்டும் தூசியும் குழந்தைகளின் வாய்க்குப் போய், மூளை வளர்ச்சியைப் பாதித்தன.

ஹாமில்டன் 1970 செப்டம்பரில், 101 வயதில் காலமானார். மூன்றே மாதத்தில் அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. கார்களுக்கான ஈயப் பெட்ரோலைக் கடைசியாகக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, 2021-ல்.

இந்தியாவில் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன்பு அடித்த பெயின்ட் பல வீடுகளின் கதவு, ஜன்னலில் இன்னும் இருக்கலாம். அதைச் சுரண்டும்போது உலர்வாகத் தேய்க்காமல் ஈரப்படுத்திச் சுரண்டுவதும், குழந்தைகளைத் தள்ளி வைப்பதும் நல்லது. பயப்பட வேண்டியது தூசிக்குத்தான் என்று ஹாமில்டன் காட்டி 100 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.