குளுக்கோஸின் அமைப்பைக் கண்டறிந்த எமில் ஃபிஷர்

ஹாலிஎலப் பகுதித் தோட்ட லயங்களில், உள்ளங்கையில் சிறிது சீனியை வைத்துக்கொண்டு வெறுந்தேநீர் அருந்துவது பழகிப்போன காட்சி. அத்தேநீரில் உறக்கம் கலைக்கும் கஃபீன், சீனியிலிருந்து உடல் பெறும் குளுக்கோஸ் ஆகிய இரண்டினதும் அமைப்பை உலகுக்குத் தெளிவாக்கியவர் ஒருவரே. அவர் ஜேர்மனிய இரசாயனவியலாளர் எமில் ஃபிஷர். தேயிலையை நம்பி வாழும் ஊவா மண்ணில் அவர் பெயர் அதிகம் பேசப்படாதது வியப்பே.

1852 ஒக்டோபர் 9 ஆம் திகதி, வணிகக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தை அவரை மர வியாபாரத்தில் ஈடுபடுத்தினார். மகனுக்கோ அது கைவரவில்லை. 1871 இல் பொன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பின்னர் ஸ்ட்ராஸ்பேர்க்கில் பேராசிரியர் பாயரிடம் பயின்று, 1874 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

மறுஆண்டே ஃபீனைல்ஹைட்ரசீன் என்னும் பொருளைக் கண்டுபிடித்தார். சர்க்கரை வகைகள் பாகாகவே நின்று, பளிங்காகப் பிரிய மறுத்து, ஆய்வாளர்களைத் திணறடித்த காலம் அது. அவற்றைப் பளிங்குருவில் பிரித்து அடையாளங்காண இப்பொருளே அவருக்கு வழிதிறந்தது. அதன் நச்சுத்தன்மை அவரது உடல்நலத்தையும் கெடுத்தது. குளுக்கோஸின் அணுக்கள் அமையக்கூடிய 16 விதங்களுள் உண்மையானது எதுவென்பதை 1891 இல் தர்க்கத்தாலேயே நிறுவினார். 1895 இல் கஃபீனை ஆய்வுகூடத்தில் உருவாக்கினார். இவ்விரு துறைப் பணிகளுக்காகவும் 1902 இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அவரது இன்னொரு பணி அக்காலத்தில் பெரிதாகப் பேசப்படவில்லை. சர்க்கரையை மதுசார வகைகளுடன் இணைக்கும் எளிய முறையொன்றை 1893 இல் வெளியிட்டிருந்தார். 1911 இல் ஹெல்ஃபெரிச்சுடன் சேர்ந்து, குளுக்கோஸுடன் 16 கார்பன் கொண்ட நீண்ட கொழுப்புத் தொடரைப் பிணைத்தார். அம்மூலக்கூற்றின் தலை நீரை நாடும். வால் எண்ணெயை நாடும். சூடாக்கியபோது அது ஒருமுறையன்றி இருமுறை உருகியது. முதல் உருகலுக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட நிலை, திரவம்போல் நெகிழ்ந்தாலும் உள்ளே ஒழுங்கு குலையாத திரவப் பளிங்கு. அத்தகைய நிலை 1888 முதலே அறிஞர்களுக்குத் தெரிந்திருந்தும், சர்க்கரையில் அதைத் தேட எவருக்கும் தோன்றவில்லை. 1980களிலேயே அதன் பொருள் நன்கு விளங்கியது. விளங்காததையும் மறைக்காமல் பதிவு செய்திருந்தமையை நாம் பாராட்டவே வேண்டும்.

இறுதிக்காலம் துயரமானது. 1895 இல் மனைவியை இழந்திருந்தார். 1914 இல் ஜேர்மனியின் போரை நியாயப்படுத்திய 93 அறிஞர்களின் அறிக்கையில் அவரும் ஒப்பமிட்டார். அது அவர் வாழ்வின் கறையே. அதே போர்க்காலத்தில் தமது மூன்று புதல்வர்களுள் இருவரைப் பறிகொடுத்தார். 1919 ஜூலை 15 ஆம் திகதி பேர்லினில் காலமானார். எஞ்சிய மகன் ஹெர்மன், தந்தையின் வழியில் சர்க்கரை ஆய்விலேயே ஈடுபட்டார்.

ஃபிஷர் பிணைத்த அதே வகை மூலக்கூறுகள், மாச்சத்திலிருந்து பெறும் குளுக்கோஸையும் தேங்காயெண்ணெய், பாம் எண்ணெய் ஆகியவற்றிலிருந்து பெறும் மதுசாரங்களையும் கொண்டு இன்று தொழிற்சாலைகளில் செய்யப்படுகின்றன. விலங்குக் கொழுப்பின்றியே செய்ய இயல்வதால், பொருளின் மூலத்தைக் கவனித்து வாங்கும் முஸ்லிம் மக்களுக்கும் இது பயனுள்ள செய்தி. குழந்தைகளின் ஷாம்புவில் அவை மென்மையாக நுரைக்கின்றன. இவற்றின் உறவான வேறு சில சர்க்கரை மூலக்கூறுகள் நீரில் நுண்ணிய இழைகளாகக் கோத்து, தம் எடையைப் பன்மடங்கு மிஞ்சும் நீரைச் சிறைப்பிடித்துக் களியாக உறைகின்றன.