ஆர்ல் நகரத்துப் பெண்ணும் ஜோர்ஜ் பிஸேயும்

"கார்மென்" இசை நாடகத்தால் உலகறிந்த ஜோர்ஜ் பிஸே 1838 ஆம் ஆண்டு பாரிஸில் பிறந்தவர். பத்து வயது நிறையுமுன்பே அந்நகரின் இசைக் கல்லூரியில் சேர்ந்த அவர், 1857 இல் ரோம் பரிசையும் வென்றார்.

1872 இல் அல்போன்ஸ் டோடேயின் "ஆர்ல் நகரத்துப் பெண்" நாடகத்துக்கு இசையமைக்குமாறு வோடவில் அரங்கின் இயக்குநர் கார்வாலோ அவரைக் கேட்டார். ஒருத்தி மீது கொண்ட காதலால் இளைஞன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொள்ளும் கதை அது. அவளோ மேடையில் ஒருமுறையேனும் தோன்றுவதில்லை. கிடைத்த வாத்தியக்காரர் 26 பேர் மட்டுமே. அக்குறையையே வாய்ப்பாக்கி, அந்நாளில் புதுமையான சக்ஸபோனையும் சேர்த்து, 27 இசைத் துண்டங்களை எழுதினார். அவற்றுட் பல நடிகர் பேசும்போதே உடன் ஒலிக்க வேண்டியவை. எனினும் நாடகம் சில வாரங்களிலேயே நின்றுபோயிற்று.

பிஸே சோர்ந்துவிடவில்லை. நான்கு துண்டங்களைப் பெரிய இசைக்குழுவுக்கென மாற்றியெழுதினார். அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தொகுப்பு கச்சேரி மேடையில் பாராட்டுப் பெற்றது. 1875 மார்ச்சில் கார்மென் அரங்கேறியது. மூன்று மாதங்களில், 36 ஆவது வயதில் அவர் மறைந்தார். 1885 இல் ஓடியோன் அரங்கு இந்நாடகத்தை அவரது இசையுடன் மீண்டும் மேடையேற்றி வெற்றி கண்டது. டோடே அதைக் கண்டார். பிஸேக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

இன்று பெரிதும் ஒலிப்பவை தொகுப்புகளே. இரண்டாவது தொகுப்பு, பிஸேயின் மறைவின் பின் நண்பர் கீரோ உருவாக்கியது; அதிலுள்ள புகழ்பெற்ற மினுவே இந்நாடகத்துக்கு உரியதே அன்று. நாடகத்தை மீண்டும் மேடையேற்ற முன்வருவோர் 26 பேருக்கான மூல இசையையே எடுத்தாள வேண்டும் என்பது எமது கருத்து. பெருங்குழு முழங்கினால் நடிகரின் பேச்சு கேளாது.