சைக்கிளில் போய்க் கோட்டை கண்டவர்

ஒட்டகத்தில் ஏறிப் பாலைவனத்தில் போர் புரிந்து புகழ் பெற்றவர் டி. ஈ. லாரன்ஸ். அதற்கு முன் அவர் ஊர் சுற்றியது சைக்கிளில்!

1888-ல் பிறந்த அவர், இங்கிலாந்தில் சரித்திரம் படித்தார். பழைய கோட்டைகள் என்றால் அவருக்கு உயிர். 1908 கோடையில், தன்னந்தனியாகப் பிரான்சு முழுவதும் இரண்டாயிரம் மைலுக்கு மேல் சைக்கிள் மிதித்தார். மேடு பள்ளம் பாராமல் ஏறினார். மலைக்கோட்டைகளைப் படம் வரைந்தார். மறு ஆண்டு சிரியாவில் நடந்தே கோட்டைகளைக் கண்டார். அவற்றைப் பற்றி ஆராய்ந்து எழுதி, 1910-ல் முதல் வகுப்பில் தேறினார்.

1935 மே 13-ந் தேதி, மோட்டார் சைக்கிளில் வேகமாகச் சென்றார். வழியில், சைக்கிளில் இரண்டு சிறுவர்கள்! அவர்களுக்காக வண்டியை ஒடித்துத் திருப்பினார், தூக்கி எறியப்பட்டார். சிறுவர்கள் பிழைத்தனர். ஆறு நாள் கழித்து அவர் இறந்தார்.

தலைக்காயமே எமனாயிற்று. அவரைக் கவனித்த டாக்டர் ஹியூ கெய்ர்ன்ஸ், பிறகு தலைக்கவசம் பற்றி ஆராய்ந்தார். அதனால் பிழைத்த உயிர்கள் எத்தனையோ!