கால்வாய்க் கூலியின் உடலில் ஒளிந்திருந்த நோய்: வைத்தியர் டார்லிங்கின் கதை

பனாமாக் கால்வாயை அமெரிக்கா வெட்டிய பத்து ஆண்டுகளில் உயிரிழந்தோர் தொகை உத்தியோகபூர்வக் கணக்கின்படியே 5,600-ஐத் தாண்டுகிறது. அவர்களில் பெரும்பாலானோர் கரீபியன் தீவுகளிலிருந்து கூலி வேலைக்கு வந்த கறுப்பினத்தவர்கள். அமெரிக்கருக்குத் தங்க நாணயத்திலும் இவர்களுக்கு வெள்ளி நாணயத்திலும் சம்பளம் வழங்கப்பட்டது. அப்படியொரு தொழிலாளியின் உடலில்தான், அதுவரை உலகம் அறியாத நோயொன்றைக் கண்டார் வைத்தியர் சாமுவேல் டார்லிங்.

1872-இல் நியூ ஜேர்சியில் பிறந்த டார்லிங், 1903-இல் பால்ட்டிமோரில் மருத்துவப் பட்டம் பெற்றார். இரண்டு ஆண்டுகளில் பனாமாவின் அன்கோன் வைத்தியசாலைக்குச் சென்றார். பின்னர் அங்கே ஆய்வுகூடத் தலைவரானார். மலேரியா நுளம்புகளை ஆராய்வதும் இறந்தவர்களைப் பிரேத பரிசோதனை செய்வதும் அவரது வேலைகள்.

1905 டிசெம்பரில் மார்ட்டினிக் தீவைச் சேர்ந்த தொழிலாளி ஒருவரின் உடல் வந்தது. சுவாசப்பை முழுவதும் சிறு கட்டிகள். காசநோய் என்று எழுதிவிட்டு அடக்கம் செய்திருக்கலாம். டார்லிங் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். காசநோய்க் கிருமி இல்லை. கலங்களுக்குள் சின்னஞ்சிறு உருண்டைகள் நிறைந்திருந்தன. பின்னர் இன்னும் இருவரின் உடல்களில் அதையே கண்டார். ஒருகல விலங்கு என எண்ணி, ஹிஸ்டோபிளாஸ்மா கெப்சுலாட்டம் என்று பெயரிட்டார்.

அது விலங்கு அல்ல, பங்கசு. பறவை, வௌவால் எச்சம் கலந்த மண்ணில் அது நூலிழைகளாக வளர்கிறது. மண்ணைக் கிளறும்போது எழும் தூசியோடு அதன் வித்திகள் சுவாசப்பைக்குள் போகின்றன. உடலின் 37 பாகை செல்சியஸ் சூட்டில் இழை வடிவத்தைக் கைவிட்டு, உருண்டையான மதுவக் கலமாக மாறுகிறது. உடலின் காவற்கலங்கள் அதை விழுங்குகின்றன. அது சாவதில்லை. தன் சுவரில் எதிரி அடையாளம் காணும் பகுதியை வேறொரு படையால் மூடிக்கொண்டு, காவற்கலத்துக்குள்ளேயே பெருகுகிறது. சிலருக்கு ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் பரவுகிறது. டார்லிங் கண்டது இந்த மாறிய உருவத்தை மட்டுமே.

1912-இல் பிரேசில் விஞ்ஞானி றோச்சா லிமா, இது பங்கசாக இருக்கலாம் என்றார். 1934-இல் அமெரிக்காவில் டிமொன்புரூன் அதை ஆய்வுகூடத்தில் வளர்த்து, இரு உருவங்களும் ஒன்றே என நிரூபித்தார். டார்லிங் அதை அறியவில்லை. சர்வதேச சங்கத்தின் மலேரியாக் குழுவோடு பயணித்தபோது, 1925-இல் பெய்ரூட் அருகே வாகன விபத்தில் இறந்துபோனார்.

1940-களில்தான், காசநோய்த் தழும்பு என நினைக்கப்பட்ட பல அமெரிக்கரின் சுவாசப்பைத் தழும்புகள் இந்தப் பங்கசால் வந்தவை எனத் தெரிந்தது. பெரும்பாலானோருக்கு நோய் தானாகவே மாறிவிடும். முற்றினால் பங்கசு எதிர்ப்பு மருந்துகள் உண்டு. காசநோயென்று தவறாகக் கணிக்கப்படுவது இன்றும் நடக்கிறது.

இந்த நோய்க்கு டார்லிங்கின் பெயரும் வழங்குகிறது. முதல் நோயாளி, மார்ட்டினிக்கிலிருந்து வந்த ஒரு தொழிலாளியாகவே நினைவில் நிற்கிறார். ஆனால் அவர் எதனால் இறந்தார் என்று ஒருவர் நின்று தேடியதால்தான், பின்வந்த பலரின் நோய்க்கு மருந்து தேட வழி பிறந்தது.