பெரியாறு தந்த பென்னிகுயிக்

மலையின் ஒருபுறம் மாரி பொழிந்து வெள்ளம் பெருக்கெடுக்க, மறுபுறம் வயல்கள் நீரின்றி வெடித்துக் கிடந்த காலம் ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த பெரியாறு மேற்கே பாய்ந்து அரபிக் கடலிற் கலந்தது. கிழக்கே வையையோ ஆண்டின் பெரும்பகுதி மணலாறாகவே கிடந்தது. 1876-ஆம் ஆண்டு முதல் 1878-ஆம் ஆண்டு வரை தென்னாட்டை வாட்டிய கொடிய பஞ்சம் எண்ணற்ற உயிர்களைக் கொள்ளை கொண்டது. மேற்கே செல்லும் ஆற்றைக் கிழக்கே திருப்பினால் பஞ்சம் அகலும் என்று பலர் எண்ணினர். அதனைச் செய்து முடித்தவர் ஜான் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் ஆவார்.

பென்னிகுயிக் 1841-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஆங்கிலப் படையின் தலைவருள் ஒருவர். 1849-ஆம் ஆண்டு சில்லியன்வாலாப் போரில் தந்தையாரும் தமையனாரும் ஒருசேர உயிர் நீத்தனர். எட்டு வயதுச் சிறுவர் தந்தையை இழந்து தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். இங்கிலாந்தில் கல்வி பயின்று, அடிஸ்கோம்புப் படைக் கல்லூரியில் பொறியியல் கற்று, 1860-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துக்குப் பணியாற்ற வந்தார்.

பெரியாற்றைத் திருப்பும் எண்ணம் அவருக்கு முன்பே தோன்றியதாகும். 1789-ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சமத்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதனை ஆராய முனைந்தார். 1808-ஆம் ஆண்டு கால்டுவெல் என்னும் படைப் பொறியாளர் ஆராய்ந்து, இஃது இயலாத செயல் என்று கைவிட்டார். 1850-ஆம் ஆண்டு தொடங்கிய சிறு முயற்சியும் காய்ச்சலாலும் ஆளின்மையாலும் நின்றுபோயிற்று. பென்னிகுயிக் 1882-ஆம் ஆண்டு புதிய திட்டத்தை வகுத்தார். ஆற்றின் குறுக்கே உயர்ந்த அணை எழுப்பி, மலையைக் குடைந்து ஒரு கல் தொலைவுக்கும் மேற்பட்ட சுரங்கம் அமைத்து, தேக்கிய நீரை வைரவனாறு, சுருளியாறு வழியாக வையையிற் சேர்ப்பதே அத்திட்டமாகும். 1886-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. மறு ஆண்டு பணி தொடங்கிற்று.

அணையை எதனாற் கட்டுவது என்பது பெரிய வினாவாக நின்றது. அந்நாளில் இந்தியாவில் சிமெண்டு ஆலை எதுவும் இல்லை. சென்னையில் அத்தொழில் முளைவிட்டதே 1904-ஆம் ஆண்டில்தான். கப்பலில் வரும் சிமெண்டைக் காடும் மலையும் கடந்து கொண்டு சேர்ப்பதும் எளிதன்று. ஆகவே சுண்ணாம்பையும் சுர்க்கியையும் அவர் தேர்ந்தார். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லை இடித்தெடுத்த தூள். வெறுஞ்சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றே இறுகும். தடித்த சுவரின் உள்ளேயும் நீரின் அடியிலும் காற்றுப் புகாது. ஆதலால் அங்கு அது நெடுங்காலம் நெகிழ்ந்தே கிடக்கும். சுர்க்கி சேர்ந்தாலோ, அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் ஈரத்தின் துணையால் சுண்ணாம்புடன் கூடி, நீரிற் கரையாத கல்போன்ற பொருளாக மாறும். பண்டை உரோமானியர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து துறைமுகங்கள் கட்டியதும் இம்முறையாலேயாம்.

இக்கலவைக்குக் குறையும் உண்டு. அது மெல்லவே வலுப்பெறும், அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுப்பைத் தாங்காது. இக்குறையை அறிந்தே அணையின் வடிவம் அமைக்கப்பட்டது. தன் எடையினாலேயே நீரின் தள்ளு விசையை எதிர்த்து நிற்கும் எடையணை அது. அடியில் அகன்றும் மேலே குறுகியும் அமைந்த அதன் உடலில் அமுக்கமே மேலோங்கி நிற்கும். இருபுறமும் கருங்கற் கட்டு. நடுவே சுண்ணாம்புச் சுர்க்கிக் கான்கிரீட்டு. பொருளின் இயல்பறிந்து வடிவம் வகுத்ததே பென்னிகுயிக்கின் திறம்.

திட்டம் வகுப்பதினும் அதனை நிறைவேற்றுதல் அரிதாயிற்று. அடர்ந்த காட்டில் யானைகளும் அட்டைகளும் தொழிலாளரை அலைக்கழித்தன. ஆற்றை மறிக்க இட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. மலைக்காய்ச்சலும் பிற நோய்களும் பரவின. பணி முடிவதற்குள் நோயால் மாண்டவர் 483 பேர். அவர்கள் அணையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். அணையின் புகழில் பெயர் அறியப்படாத அவர்களுக்கும் பங்கு உண்டு. இத்துணை இடருற்றும் பென்னிகுயிக் பின்வாங்கவில்லை. சுமார் 1200 அடி நீளமும் 155 அடி உயரமும் கொண்ட அணை எழுந்தது. 1895-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார்.

மறு ஆண்டு பென்னிகுயிக் தாயகம் திரும்பி, இந்தியப் பொறியாளரைப் பயிற்றும் கூப்பர்சு மலைக் கல்லூரியின் தலைவராக விளங்கினார். 1911-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9-ஆம் நாள் கேம்பர்லி என்னும் ஊரில் மறைந்தார்.

அவர் கட்டிய அணை இன்றும் நிற்கிறது. ஊறும் நீர் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்ததால், 1930-களில் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பு செலுத்தினர். 1979-ஆம் ஆண்டுக்குப் பின் கான்கிரீட்டாலும் எஃகு வடங்களாலும் வலுப்படுத்தினர். கட்டியதோடு கடமை முடியாது. காத்தலும் வேண்டும் என்பதை இது காட்டும்.

அவர் இல்லாமையாற் செய்ததை இன்றைய அறிஞர் தேவை கருதிச் செய்கின்றனர். சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுடுதல் வேண்டும். அப்போது கரியமில வாயு மிகுதியாக வெளிப்பட்டு உலகை வெம்மையாக்குகிறது. ஆதலால் மாற்றுப் பசைப்பொருள் தேடப்படுகிறது. திருவள்ளூர் மாவட்டத்து அத்திப்பட்டில் உள்ள அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து எஞ்சும் சாம்பலிலும், சுர்க்கியிற் போலவே சிலிக்காவும் அலுமினாவும் உள்ளன. அத்தகைய சாம்பலை வலிய காரக் கரைசலுடன் கலந்தால், சிமெண்டு இன்றியே கல்போல் இறுகும். 1970-களில் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் டேவிடோவிட்சு இவ்வகைப் பொருளுக்கு ஜியோபாலிமர் என்று பெயரிட்டார். வெப்பமூட்டிப் பதப்படுத்தினால் அது ஒரே நாளில் தன் வலிமையின் பெரும்பகுதியை எய்தும். தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இதனை ஆராய்ந்துள்ளது. காக்களூர், கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் தொழிற்கூடங்கள் பெருகப் பெருகக் கட்டுமானப் பொருளின் தேவையும் பெருகும். கழிவாகக் குவியும் சாம்பலே அத்தேவைக்கு உதவுமாயின் நாட்டுக்கு இரட்டை நன்மையாம்.

தேனி மாவட்டத்து மக்கள் பென்னிகுயிக் பிறந்த நாளைப் பொங்கல் நாளோடு சேர்த்துக் கொண்டாடுகின்றனர். தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகின்றனர். 2013-ஆம் ஆண்டு தமிழக அரசு கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பியது. அருகில் கிடைக்கும் எளிய பொருளின் இயல்பை ஆராய்ந்தறிந்து, அதனைக் கொண்டே அரும்பணி ஆற்றுதல் கூடும் என்பதற்கு அவர் வாழ்வு சிறந்த சான்றாகும். வையைக் கரையில் விளையும் ஒவ்வொரு நெற்கதிரும் அவர் புகழைத் தாங்கி நிற்கிறது.