ஒல்லாந்தக் கணிதப் பெரியார் ஹைகன்ஸ்

இனிப்புப் பொதி ஒவ்வொன்றிலும் ஒரு படச்சீட்டு வரும், வகை ஆறு, எவ்வகையும் வரச் சம வாய்ப்புண்டு. ஐந்து வகை சேர்த்துவிட்ட மாணவன் ஒருவன், எஞ்சிய ஒன்றுக்கு இன்னும் எத்தனை பொதி வேண்டும் என்று என்னை வினவினான். இலக்கணம் கற்பிக்கும் யான் விழித்தேன். கணித ஆசிரியரை நாடிச் சென்றபோதே கிறிஸ்தியான் ஹைகன்ஸ் என்னும் பெரியாரின் வரலாற்றை அறிந்தேன்.

1629இல் ஹேக் நகரிலே பிறந்த அவர், கொன்ஸ்தாந்தைன் என்னும் ஒல்லாந்தப் புலவரின் மைந்தர். 1655இற் சனிக்கோளின் துணைக்கோள் ஒன்றைக் கண்டதும், அடுத்த ஆண்டில் ஊசற்கடிகாரம் அமைத்ததும் பலரறிந்தவை, அவை நிற்க. 1655இல் பரிஸ் சென்றபோது, பாஸ்கலும் பேர்மாவும் சூதாட்டப் பங்கீட்டை ஆராய்ந்த செய்தி அவர் செவிக்கு எட்டிற்று. அவர்கள் கையாண்ட வழி எட்டவில்லை. ஊர் மீண்டு தாமே வழி கண்டார்.

அவ்வழியின் நுட்பம், அறியாத ஒன்றை அதனைக் கொண்டே அறிதலாம். மாணவனுக்குச் சராசரியாக இன்னும் வேண்டிய பொதிகளை ‘அ’ என்க. ஒரு பொதி வாங்கியே தீரவேண்டும். ஆறில் ஐந்து பங்கு வாய்ப்பில் அது வீணாகி, பழைய ‘அ’வே மீண்டும் முன்னிற்கும். எனவே அ = 1 + (5/6)அ; அ = 6. தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு படியையும் இவ்வாறே கணித்துக் கூட்டின், ஆறு வகைக்கும் 14.7 பொதிகள் வேண்டும். ஹைகன்ஸ் பேசியது சீட்டையன்று, கவற்றை. இருவர் மாறிமாறி இரு கவறுகளை உருட்டுவர். முதலில் உருட்டுபவன் 6 பெற்றால் வெல்வான், மற்றவன் 7 பெற்றால் வெல்வான். அவர்தம் வாய்ப்பு 30க்கு 31 என்று இம்முறையாலேயே அவர் நிறுவினார்.

என்னைக் கவர்ந்தது வேறொன்று. அந்நூலை அவர் தாய்மொழியிலே எழுதினார். இப்பொருளுக்கு ஏற்ற இலத்தீன் சொற்கள் அவருக்கு வாய்க்கவில்லையாம்! அவருடைய ஆசிரியர் வான் ஸ்கூட்டன் அதனை இலத்தீனாக்கி 1657இல் வெளியிட்டார். எதிர்பார்ப்பு என்று நாம் வழங்கும் கணிதச் சொல்லின் மூலம் அம்மொழிபெயர்ப்பிலே பிறந்தது. தாய்மொழி மூலம் 1660இல் அச்சேறிற்று. இவ்விரு பதிப்புகளுக்கும் இடையேதான், 1658இல், யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கணிதத்தைத் தமிழிற் சொல்ல இயலாது என்று என் முகத்துக்கு நேரே கூறிய ஒருவரிடம் இந்நூலின் வரலாற்றை எடுத்துரைத்தேன்; அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

1666இல் ஹைகன்ஸ் பரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அமர்ந்தார். 1681இல் நோயுற்று ஊர் திரும்பினார். 1695இல் ஹேக் நகரிலேயே மறைந்தார்.

மாணவனோ ஒன்பது பொதி வாங்கிவிட்டான். சீட்டு இன்னும் கிட்டவில்லை. என்னைச் சற்றே ஐயத்தோடு நோக்குகிறான்.