மழலையர் கல்விக்கு வழிகண்ட மாண்டிசோரி அம்மையார்

மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து, கோடிட்ட நோட்டில் எழுத்துகளை எழுதப் பணிப்பதே கல்வியின் தொடக்கம் என எண்ணும் பெற்றோர் இன்றும் நம்மிடையே பலர் உளர். எழுதும் முன்னர் எழுதுதற்குரிய கை உருவாக வேண்டும். அக்கையை உருவாக்குவதே பள்ளிக்கு ஆயத்தப்படுத்தும் பணி என்பதைச் செயலில் காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

அம்மையார் 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலி நாட்டின் கியாராவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது மிக அரிதாக இருந்த அக்காலத்தில், எதிர்ப்புகளைத் தாங்கி ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆடவரோடு சேர்ந்து உடற்கூறு பயிலுதல் தகாது எனக் கருதப்பட்டமையால், பிறர் சென்ற பின்னர்த் தனியே நின்று பிணங்களை அறுத்துக் கற்க நேர்ந்தது.

1898இல் அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். சூழ்நிலை காரணமாக அம்மகவை நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றிடம் வளரவிட்டார். பிறர் குழந்தைகளை நாள்தோறும் உற்றுநோக்கிய அத்தாய்க்குத் தம் மகனின் மழலைப் பருவத்தை உடனிருந்து காணும் பேறு வாய்க்கவில்லை. பிள்ளை இளைஞனான பின்னரே இருவரும் ஒன்றுகூடினர்.

மருத்துவராகிய அம்மையார், மனநல விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய சிறுவர்களைக் கண்டார். அவர்களுக்கு வேண்டுவது மருந்தைக் காட்டிலும் கல்வியே எனத் துணிந்தார். பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகன் ஆகியோரின் வழியைப் பின்பற்றித் தொட்டும் பற்றியும் பழகும் கருவிகளை அமைத்தார். அச்சிறுவர்களுள் சிலர் பொதுத் தேர்வில் மற்றச் சிறுவர்களுக்கு இணையாகத் தேறினர். உலகம் வியந்தது, அம்மையாரோ, குறைபாடற்ற குழந்தைகள் ஏன் இந்த அளவிலேயே நிற்கின்றனர் என்று சிந்திக்கலானார்.

அதற்கு விடை காணும் வாய்ப்பு 1907 ஜனவரி 6 அன்று கிட்டியது. ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரன்சோ பகுதியில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த சிறுவர்களுக்காகக் குழந்தைகள் இல்லம் ஒன்று அவர் பொறுப்பில் திறக்கப்பெற்றது. அங்கே குழந்தைகள் தாமே தூக்கி வைக்கத்தக்க சிறு மேசைகளும் நாற்காலிகளும் அமைந்தன. முகம் கழுவுதல், பொத்தான் இடுதல், தரை பெருக்குதல் ஆகியனவும் பாடங்களாயின.

குமிழ் பொருத்திய மர உருளைகளைக் குழந்தை மூன்று விரல்களால் பற்றி எடுத்து, உரிய துளைகளில் இட வேண்டும். ஒன்று தவறினும் இறுதி உருளைக்கு இடமிராது. ஆதலின் ஆசிரியர் திருத்தாமலே குழந்தை தன் பிழையைத் தானே உணரும். பென்சிலைப் பற்றுதற்குரிய விரற்பயிற்சியும் அவ்விளையாட்டிலேயே கிட்டும். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவி, அவற்றின் ஒலியையும் சொல்லிப் பழகினர். எழுதிப் பார்க்குமாறு எவரையும் அம்மையார் வற்புறுத்தவில்லை.

அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் ஒருநாள், மொட்டைமாடியில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைத் தந்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்த சிறுவன், தன்னால் எழுத முடியும் என உணர்ந்து மகிழ்ச்சியில் கூவியவாறே தரையில் ஒரு சொல்லை எழுதினான். கை என்று பொருள்படும் இத்தாலியச் சொல் அது. தொடர்ந்து பிற குழந்தைகளும் எழுதத் தொடங்கினர். பழகிய கை, பருவம் வந்ததும் தானே எழுதியது.

அம்மையாரின் புகழ் பல நாடுகளிலும் பரவியது. எனினும் முசோலினியின் ஆட்சியோடு முரண்பட்டமையால் 1934இல் தாய்நாட்டை விட்டு நீங்கினார். 1939இல் பிரம்மஞான சபையினரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மரியோவைச் சிறைமுகாமில் வைத்தது. அம்மையாரின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. அவருடைய எழுபதாம் பிறந்தநாளன்று மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர்க் கொடைக்கானலில் தங்கியிருந்த காலத்திலும் தாயும் மகனும் தம் பணியைத் தொடர்ந்தனர். பிறந்தது முதற்கொண்டே குழந்தை சூழலிலிருந்து கற்கின்றது என்னும் கருத்தை விரிக்கும் அவருடைய நூல் 1949இல் அடையாற்றிலிருந்தே வெளிவந்தது. 1952 மே 6 அன்று நெதர்லாந்து நாட்டில் அம்மையார் மறைந்தார்.

இன்று அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகள் பலவற்றில் வசதி படைத்தோரின் பிள்ளைகளே பயில்கின்றனர். ஆயின் அம்முறை முளைத்த மண் கூலித் தொழிலாளரின் குடியிருப்பு என்பதை நாம் மறத்தலாகாது. பொத்தானும், கிண்ணமும், சிறு துடைப்பமும், பொறுமையுள்ள ஒரு பெரியவரும் இருந்தால் எளிய வீட்டிலும் அங்கன்வாடியிலும் அப்பணியைத் தொடங்கலாம். நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் விளங்கவிருக்கும் மாணவச் செல்வங்கள், மழலையின் கையில் எழுதுகோலைத் தரும் முன்னர் அக்கை ஆயத்தமாகியுள்ளதா என ஒருகணம் நோக்குவார்களாயின், அம்மையாரின் உழைப்பு நம் மண்ணிலும் பயன் தரும்.